நம் ஊர் வரலாற்றை யார் எழுதுகிறார்கள்?



சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரை எட்டும் முன் வருவது பென்னலூர். பேருந்தில் போகிறவர்களுக்கு இது ஒரு பொறியியல் கல்லூரியின் நிறுத்தம். தொழிற்சாலைப் பேருந்துகளில் போகும் பிள்ளைகளுக்கு ஷிப்டு முடிந்து கண்ணயரும் வேளையில் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை. இங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களோ காலத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள்: 'கம்பெனி வர்றதுக்கு முன்னால', 'கம்பெனி வந்த பிறகு'. அரசர் காலம், ஆங்கிலேயர் காலம், சுதந்திரத்திற்குப் பின் என்று பள்ளிப் புத்தகம் வகுத்த பிரிவுகள் அவர்கள் பேச்சில் வருவதே இல்லை.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம். இப்பகுதியில் ஒரு பங்கின் விழா மலருக்காக ஊர் வரலாறு எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. பழைய மலர்களைப் பார்த்து, அதே முறையில் எழுதினோம். பங்குத்தந்தையர் பட்டியல் ஆண்டுகளோடும் நிழற்படங்களோடும் இரண்டு பக்கம். நன்கொடையாளர் பட்டியல் ஒன்றரைப் பக்கம். ஆலயம் எழும்பிய இடத்தைப் பெரிய விவசாயக் குடும்பம் ஒன்று 'மனமுவந்து அளித்தது' என்று ஒரு வரி. நாற்பது ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியாருக்கும் ஒரே ஒரு வரி. படித்துக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு எண்பது வயதை நெருங்கும் ஒரு பாட்டி நம்மிடம் வந்து, "எல்லாம் நல்லா இருக்கு சாமி. ஆனா எங்க தெரு பேரே வரலியே? செங்கல் சுமந்தது நாங்கதானே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை, அதற்குப் பதில் தேடிப் புறப்பட்ட வழியில் நாம் கண்டவற்றைச் சொல்வது.

கல் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

உள்ளூர் வரலாறு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கல்வெட்டு. நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே அதற்குப் பெயர்பெற்ற ஊர் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் நிற்க முடியாது. இன்றைய தேர்தல்களைப் பார்க்கிற நமக்குப் பெருமூச்சு வருகிற விதிதான் அது.

மேடைகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் இவ்வளவே. அதே கல்வெட்டு, யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதையும் சொல்கிறது. வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த நிலத்தை உழுதவர்கள், நாற்று நட்ட பெண்கள், ஏரி மதகைத் திறந்து மூடியவர்கள் ஆகியோரின் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை. கல்வெட்டு பொய் சொல்லவில்லை. அதைச் செதுக்கச் சொன்னவர்களுக்கு எது முக்கியமோ அதைச் சொல்கிறது. உத்திரமேரூரைக் குறித்துப் பெருமைப்படுவதில் தவறில்லை. கல்லை முழுவதும் படித்துவிட்டுப் பெருமைப்பட வேண்டும் என்பதே நம் கருத்து.

கல்லும் செப்பேடும் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள புள்ளலூரில், பல்லவன் மகேந்திரவர்மனுக்கும் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசிக்கும் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர் நடந்தது. பல்லவர் பக்கத்துக் காசாக்குடிச் செப்பேடு, மகேந்திரவர்மன் தன் பகைவர்களைப் புள்ளலூரில் அழித்ததாகக் கூறுகிறது. கி.பி. 634 ஆம் ஆண்டின் ஐகொளெ கல்வெட்டோ, புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் மறைந்துகொண்டான் என்கிறது. ஒரே மோதல், இரண்டு வெற்றிகள்!

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அதே புள்ளலூரில் இன்னொரு போர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையை அங்கே முறியடித்தார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தது பெய்லியின் தோல்விக்கு முக்கியக் காரணம். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி அது. சிறைப்பட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். திப்பு தன் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த வெற்றியைப் பெரும் ஓவியமாகத் தீட்டச் செய்தார். அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்டு 27 அன்று, சர் அயர் கூட் அதே பகுதியில் ஹைதரோடு மோதினார். அதில் இறந்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எழுப்பிய தூபிகள் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. வென்றவருக்கு மாளிகைச் சுவர், இறந்த அதிகாரிகளுக்குத் தூபி. இரு படைகளிலும் கூலிக்குச் சென்று செத்த உள்ளூர்ச் சிப்பாய்களின் பெயர்களையோ, படைகள் கடந்துபோன வழியில் வைக்கோலும் நெல்லும் எரிந்த ஊர்களின் கணக்கையோ அந்தச் சுவரிலும் தூபியிலும் தேடிப் பயனில்லை.

நமக்கு நெருக்கமான நினைவு ஒன்றிலும் இது உண்டு. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதை உலகமே அறியும். 2003இல் திறக்கப்பட்ட நினைவிடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். அன்று அவரோடு குறைந்தது 14 பேர் இறந்தார்கள். பணியில் இருந்த காவலர்களும், பார்க்க வந்திருந்த எளியவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுள் ஒருவர் பெயரையேனும் சொல்லுங்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டோம். வகுப்பு அமைதியாக இருந்தது. கேட்ட நாமும், முந்தின நாள் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிலம் என்னும் பதிவேடு

செங்கல்பட்டுச் சீமையின் உண்மையான வரலாறு கோயில் சுவரில் இருப்பதைவிட நிலக் கணக்கில்தான் அதிகம் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763இல் இந்தப் பகுதியை ஆங்கிலேயக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். ('கம்பெனி வர்றதுக்கு முன்னால' என்று பெரியவர்கள் சொல்லும்போது நமக்கு உள்ளூரச் சிரிப்பு வருவது இதனால்தான். இந்த மண்ணுக்கு வந்த முதல் கம்பெனி அது.) அதைத் தொடர்ந்து 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் ஜாகீரின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். எத்தனை வீடு, எந்தச் சாதியார், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எத்தனை ஏரி, தோப்பு என்று ஊர் ஊராக எழுதப்பட்டது. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த ஓலைகளிலிருந்து பெற்ற விவரங்கள் அதில் உண்டு. களத்தில் நெல் அளக்கும்போது கோயிலுக்கு, கணக்கருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, வெட்டியானுக்கு என்று எத்தனை பங்கு பிரிந்தது என்பதை அவற்றில் காணலாம். ஊரில் யாருக்கு எந்த இடம் என்பதை நெல்லாலேயே அளந்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பங்குகளுக்கு மேலே அமர்ந்திருந்தவர் மிராசுதார். ஊரின் நிலத்தில் பரம்பரைப் பங்கு உடையவர் என்று பொருள். வெள்ளாளரும் பிராமணரும் பல ஊர்களில் அந்த இடத்தில் இருந்தார்கள். 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், வரி உயர்வுக்கு இணங்காத மிராசுதாரர்களை நீக்கி வேறு குடிகளை அமர்த்த முயன்றார். அதனால் எழுந்த வழக்குகளிலும் மனுக்களிலும்தான், 'இந்த ஊரின் ஆதிக் குடிகள் யார்?' என்னும் கேள்வி பெரிதாகப் பேசப்பட்டது. எல்லிஸ் துரை மிராசு உரிமை பற்றித் தனி ஏடே எழுதினார். வரலாற்று ஆய்வாளர் யூஜின் இர்ஷிக், செங்கல்பட்டைக் குறித்து 1994இல் வெளியிட்ட நூலில், 'பழைய வழக்கம்' என்று பின்னாளில் பேசப்பட்டவற்றில் பல, ஆங்கிலேய அதிகாரிகளும் உள்ளூர்ப் பெரியவர்களும் அந்த வாதங்களினூடே சேர்ந்து உருவாக்கியவை என்று விளக்குகிறார். 'எங்கள் ஊரில் தொன்றுதொட்டு இப்படித்தான்' என்று யாராவது ஆலயக் கூட்டத்தில் சொல்லும்போதெல்லாம் நமக்கு இந்த நூல் நினைவுக்கு வருகிறது.

மிராசு முறையின் சுமை விழுந்தது உழைத்தவர்கள் மேல். தரிசு நிலத்துக்குப் பறையர் ஒருவர் தர்காஸ்து மனுப் போட்டால், முதல் உரிமை தனக்கு என்று மிராசுதார் தடுக்கலாம். சேரியின் வீட்டு மனையும் மிராசுதார் சொத்தாகவே கருதப்பட்டது. கூலி போதாது என்றோ, வேறிடம் போகிறேன் என்றோ வாய் திறந்தால் குடிசை போய்விடும். இந்தப் பூட்டைப் புரிந்துகொண்டால்தான் 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கையின் அருமை புரியும். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலமும் சொந்த மனையும் கொடுக்க வேண்டும் என்று அதில் அவர் வாதிட்டார். அப்போது செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கத்தில் வெஸ்லியன் சபையின் வில்லியம் கவுடி ஆகிய மறைபோதகர்களும் இதற்காக அரசோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். நிலத்தைப் பற்றி அவர்கள் அன்று பேசிய அளவுக்கு நம்மவர் பேசினார்களா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதன் விளைவுதான் 1892 அரசாணையும் 'பஞ்சமி நிலம்' என்று நாம் அறிந்த ஒப்படைப்பும். சென்னை மாகாணத்தில் அப்படி ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை இவ்வளவு தெளிவாக இருந்தும் நிலம் கைமாறியது. கடனுக்கு, பஞ்சத்துக்கு, மிரட்டலுக்கு, பிறகு ரியல் எஸ்டேட்டுக்கு. 1980களில் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது அனுபவத்தில் இருந்தவர் பெயரில் பட்டா ஏறிவிட்ட கதைகளை, இந்த வட்டாரத்தில் எந்தத் தெருவிலும் கேட்கலாம்.

மாமல்லபுரம் அருகே காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்க 1994இல் மக்கள் எழுந்தார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் கிறிஸ்தவப் பெயர் கொண்டவர், மற்றவர் இந்துப் பெயர் கொண்டவர். அரசு ஏட்டில் அவர்களைத் தனித்தனிக் கட்டத்தில் எழுதலாம், ஆனால் இருவரும் விழுந்தது ஒரே நிலத்துக்காக. ஆண்டுதோறும் அக்டோபர் 10ஐ நினைவுகூர்வோர் உண்டு. நம் ஆலய நாட்காட்டிகளில் அந்தத் தேதி வெறுமையாகவே இருக்கிறது.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை (1 அர 21) நாம் பேராசைக்கு எடுத்துக்காட்டாகவே மறையுரைகளில் பயன்படுத்துகிறோம். மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஈசபேல் வாளை எடுக்கவில்லை. அரசன் பெயரில் மடல் எழுதி, முத்திரையிட்டு, ஊர்ப் பெரியோருக்கு அனுப்புகிறாள். இரண்டு பொய்ச்சாட்சிகளைக் கொண்டு ஊர் மன்றமே தீர்ப்புச் சொல்கிறது. எல்லாம் முறைப்படி நடந்தது என்று ஏட்டில் இருந்திருக்கும். நாபோத்து விற்க மறுத்ததற்குச் சொன்ன காரணம் விலை அன்று, அது மூதாதையர் வழியாக வந்தது என்பதே.

இப்பகுதியின் பொதுவாழ்வில் இன்னொரு பெயர் உண்டு. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். அவமானமாக வீசப்பட்ட சொல்லையே இதழின் பெயராக்கியவர். பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறச் செய்தவரும் அவரே. நாம் இன்று நடக்கும் தெருவுக்கும் ஒரு வரலாறு உண்டு.

நம் வீட்டுக்குள்

பிறர் கதையைச் சொல்லிவிட்டு நம் வீட்டைப் பூட்டிவைப்பது நியாயமாகாது.

நம் மறைமாவட்டத்தின் பெருமை பரங்கிமலை. 1547இல் அங்கே போர்ச்சுக்கீசியர் தோண்டியபோது கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றி யாருக்கும் புரியாத எழுத்து. பதினாறாம் நூற்றாண்டிலேயே, அதைப் படித்துவிட்டதாகச் சொன்ன ஒருவர் வழியாக, தோமையாரின் வரலாறே அதில் எழுதப்பட்டிருப்பதாக நீண்ட விளக்கம் ஒன்று பரவியது. எல்லோரும் கேட்க விரும்பியதை அந்த விளக்கம் சொன்னது. 1873இல் பர்னெல் என்னும் அறிஞர், அது பாரசீக நாட்டுப் பஹ்லவி எழுத்து என்று காட்டினார். சிறிய வாசகம்தான், ஒரு மன்றாட்டு. அதன் சரியான பொருளைக் குறித்து அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். சிலுவை ஏறக்குறைய ஏழு, எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்று பெரும்பாலோர் கணிக்கிறார்கள். இதனால் நம் விசுவாசம் குறைந்துவிட்டதா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. பாரசீகத்தோடு தொடர்புடைய கிறிஸ்தவர்கள், போர்ச்சுக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கடற்கரையில் முழந்தாள் படியிட்டார்கள் என்பது கட்டுக்கதையைவிடப் பெரிய செய்தி. நாம்தான் அதை மேடையில் சொல்வதில்லை.

சாதி விஷயத்தில் நம் கற்கள் இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றன. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே உயர்சாதியாருக்கும் மற்றோருக்கும் தனித்தனிக் கூடங்கள், நடுவே தடுப்பு. 1910இல் அந்தத் தடுப்பை அகற்றியபோது, தங்கள் உரிமை பறிபோனதாக ஒரு பிரிவினர் ஆயர் மீதே வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். அது பழங்கதை என்போருக்கு, 2008 மார்ச்சில் எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே எழுந்த மோதலும், காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததும் நினைவிருக்கும். சவ ஊர்வலம் எந்த வழியில் போவது என்பது அங்கே எழுந்த கேள்விகளில் ஒன்று.

திருமுழுக்குப் பதிவேடுகளைப் பற்றியும் ஒரு சொல். பல பழைய பதிவேடுகளில் பெற்றோர் பெயரோடு சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதிய குருக்கள் அதைச் சாதாரணமாக எழுதினார்கள். மறுபக்கம், 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆகவே இங்கே பல குடும்பங்களில் ஒரே பிள்ளைக்கு ஆலயத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர். நாளை யாராவது அரசுப் பதிவுகளை மட்டும் வைத்து இவ்வூரின் கிறிஸ்தவர்களை எண்ணினால், பலர் இல்லாமலே போய்விடுவார்கள். அடையாளம் என்பது நாம் சொல்வது மட்டுமன்று, எந்தக் கட்டத்தில் எழுத அனுமதிக்கிறார்கள் என்பதும்தான்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபை வரலாற்றுக் கல்வியைப் புதுப்பிப்பது குறித்து 2024 நவம்பர் 21 அன்று எழுதிய மடலில், மத்தேயு நற்செய்தியின் தலைமுறை அட்டவணையைச் சுட்டிக்காட்டினார். அதில் தாமாரும் இராகாபும் உரியாவின் மனைவியும் இருக்கிறார்கள். சங்கடமான பெயர்கள்தாம். நற்செய்தியாளர் அவற்றை நீக்கிவிடவில்லை. நம் மலர்க் குழுவாக இருந்திருந்தால் நீக்கியிருப்போம் என்று நினைத்தோம்.

கம்பெனி வந்த பிறகு

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1996இல் வேரூன்றி 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. நோக்கியா 2006இல் வந்து 2014 நவம்பரில் கதவை மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். வயல்கள் சிப்காட் ஆயின, ஏரிக்கரைகள் சாலைகள் ஆயின. வேலை கிடைத்தது, மாடி வீடு எழுந்தது, பெண்பிள்ளைகள் சம்பளம் வாங்கினார்கள். இதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனால் எட்டு ஆண்டுகள் நோக்கியாவில் உழைத்தவர்களிடம் இன்று மிஞ்சியிருப்பது ஓர் அடையாள அட்டையும் குழுவாக எடுத்த ஒரு நிழற்படமும். அவையும் ஆவணங்களே. தூக்கி எறியாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற சகோதரிகளுக்காக இளம்பெண்கள் இந்த நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் அமர்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்வது அதன் மையக் கோரிக்கை. பெயர் பதிவாக வேண்டும் என்பதுதான், பாருங்கள், இங்கேயும் சிக்கல்.

2022இல் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. 13 கிராமங்கள் அதில் அடங்கும். ஏகனாபுரத்து மக்கள் கிராம சபையைக் கூட்டி, வேண்டாம் என்று மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டார்கள். ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது. விமான நிலையம் தேவையா என்பதில் நம் பங்கு மக்களிடையேயே இரண்டு கருத்து உண்டு, இருக்கட்டும். ஆனால் உத்திரமேரூர்ச் சபையைப் பற்றிப் பெருமையோடு பேசுகிற மாவட்டத்தில், உயிரோடு இருக்கிற ஒரு சபையின் தீர்மான ஏடு என்ன மதிப்புப் பெறுகிறது என்பது, நிலம் இழப்போருக்கும் இழக்காதோருக்கும் உரிய கேள்வி.

வந்து குடியேறியவர்களையும் மறக்கலாகாது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கும் இளைஞர்கள் இவ்வூர் வரலாற்றின் பகுதிதான். திருவள்ளூர்ப் பக்கத்துக் கீழச்சேரியில், ஆந்திர நாட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தெலுங்குக் கத்தோலிக்கக் குடும்பங்களும் ஒரு காலத்தில் இப்படி வந்து நின்றவர்களே. இன்று அது நம் பகுதியின் பழம்பெரும் பங்குகளில் ஒன்று.

தேடிப் பார்க்க விரும்புவோருக்கு

இளையோர் சிலர் எங்கே தொடங்குவது என்று கேட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பார்க்கலாம். ஏரி, குளம், களம், நத்தம், சுடுகாடு எல்லாம் சர்வே எண்ணோடு அதில் இருக்கும். சர்வே எண்ணும் இன்றைய காட்சியும் பொருந்தாத இடத்தில் ஒரு கதை இருக்கிறது. பழைய விவரத்துக்கு வட்டாட்சியர் அலுவலகம், பிறகு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஆலயத்தில் திருமுழுக்கு, திருமணம், அடக்கப் பதிவேடுகள். கொள்ளை நோய் வந்த ஆண்டு எது என்று அடக்கப் பதிவேட்டின் பக்கங்களின் எண்ணிக்கையே சொல்லிவிடும்.

ஊர்ப் பெயருக்கு வழங்கும் கதைகளையும் எழுதி வையுங்கள், ஆனால் உடனே நம்பிவிட வேண்டாம். அரசன் வந்து தங்கினான், தேவி காட்சி கொடுத்தாள் என்று முடியும் கதைகள், ஊரின் கடந்த காலத்தைவிட, அதைச் சொன்னவர்களின் ஆசையைத்தான் அதிகம் காட்டும். அந்த ஆசையும் வரலாறுதான், வேறு பக்கத்தில் எழுத வேண்டிய வரலாறு. பெரியவர்களிடம் பேசும்போது ஆண்டு கேட்காதீர்கள். புயலுக்கு முன்னாலா, மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆன பிறகா என்று கேளுங்கள், ஆண்டு தானாக வரும். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் கூட இருந்தால் அவர்கள்தான் பேசுவார்கள்.

அந்த மலரை நாம் மீண்டும் எழுதினோம். பாட்டி சொன்ன ஏழு பெயர்களையும் அடக்கப் பதிவேட்டில் தேடியதில் ஐந்து கிடைத்தன. இடம் 'மனமுவந்து அளிக்கப்பட்டது' என்னும் வரியைப் பத்திரத்தோடு ஒப்பிட்டபோது, பத்திரத்தில் ஒரு தொகை எழுதியிருந்தது. அந்தத் தொகை எப்படிச் சேர்ந்தது என்று விசாரித்தால், தெருவுக்குத் தெரு பிடியரிசி எடுத்த கதை வெளிவந்தது. அதையும் சேர்த்தோம். நன்கொடையாளர் பக்கத்தில் தங்கள் பெயர் சிறிதாகிவிட்டது என்று சிலருக்கு வருத்தம், இன்னும் தீரவில்லை. பங்குத்தந்தையர் பட்டியல் ஒரு பக்கமாகச் சுருங்கியது. கிடைக்காத இரண்டு பெயர்களையும் பாட்டி சொன்னபடியே அச்சிட்டு, 'ஊர்ப் பெரியவர் நினைவிலிருந்து' என்று அருகில் குறித்தோம். மலர் கைக்கு வந்த அன்று, பேத்தியை அந்தப் பக்கத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஒரு பேர் தப்பா போட்டிருக்கீங்க சாமி, அவ பேரு சின்னப்பொண்ணு இல்ல, சின்னம்மா" என்றார். அடுத்த பதிப்புக்குக் குறித்து வைத்திருக்கிறோம்.